ஆயிரத்து முந்நூற்று எழுபத்து மூன்று கிலோமீட்டர்

1

அம்மாவின் காரியங்கள் முடிந்து நான் போர்ட் பிளேயர் திரும்பி வேலைக்குப் போன முதல் நாளே, பள்ளி அலுவலகத்தில் மண்டல் பாபு என் விடுப்பு விண்ணப்பத்தைத் திருப்பிக் கொடுத்தார். வங்காளி. நல்ல மனிதர். ஆனால் விண்ணப்பத்தில் ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் அவருக்குச் சோறு இறங்காது.

"மேடம், ஃபியூனரல் கா தாரீக் அலக், ஆப் போஹ்ஞ்சா அலக்," என்றார். அடக்கம் நடந்தது ஒரு நாள், நீங்கள் போய்ச் சேர்ந்தது அடுத்த நாள், அப்படியானால் எதற்காக இந்த விடுப்பு என்று கணக்குத் தணிக்கையில் கேட்பார்கள் என்றார். தாமதத்துக்குக் காரணம் எழுத வேண்டுமாம். அவரே வழியும் சொன்னார். "டிஸ்டன்ஸ் லிக் தீஜியே." தூரம் என்று எழுதிவிடுங்கள்.

தாளை வாங்கிக்கொண்டேன். பேனாவைத் திறந்தேன். அந்த ஒரு சொல்லை மட்டும் என்னால் எழுத முடியவில்லை. நாளைக்குத் தருகிறேன் என்று மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

நான் இந்த அந்தமான் தீவுக்கு வந்து இருபத்தாறு வருடம் ஆகிறது. சொந்த ஊர் தூத்துக்குடிக்குத் தெற்கே ஒரு கடற்கரைக் கிராமம். என் வீட்டுக்காரர் சேவியர் இங்கே மின்னி பே கடற்கரையில் படகு எஞ்சின் பழுது பார்க்கிறார். நான் ஒன்பது, பத்தாம் வகுப்புகளுக்குக் கணக்கு எடுக்கிறேன். உங்களுக்கு இது வெளிநாடாகத் தெரியாது. பாஸ்போர்ட் வேண்டாம், ரூபாய் நோட்டு அதேதான். ஆனால் இங்கே நாங்கள் உங்கள் கரையை "மெயின்லேண்ட்" என்று சொல்கிற தொனியைக் கேட்டால் புரிந்துவிடும். அது வேறு நாட்டைச் சொல்கிற தொனி. என்னைப்போல அரசு வேலையில் இருப்பவர்கள் ஊரைவிட்டு வெளியே போக எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும், அங்கே தங்கப்போகும் முகவரி கொடுக்க வேண்டும். கடல் கொந்தளித்தால் கப்பல் இல்லை. மேகம் இறங்கினால் விமானம் இல்லை. தொலைக்காட்சியில் வானிலை சொல்லும்போது எங்களை வரைபடத்திலிருந்து பிய்த்து ஒரு மூலையில் பெட்டிக்குள் போட்டிருப்பார்கள். அதைப் பார்த்துத்தான் ஊரில் எல்லோரும் எங்கள் தூரத்தை முடிவு செய்திருக்கிறார்கள்.

2

அம்மா இறந்த அன்று விடியற்காலை ஐந்து மணிக்குத் தம்பி ஜெரால்டு கூப்பிட்டான். மெல்போர்னில் குடியேறிப் பதினெட்டு வருடமானவன். அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை என்றதும் மூன்று வார விடுப்பில் ஊருக்கு வந்து கூடவே இருந்தான். அதை மறைக்க மாட்டேன். எனக்கு அப்போது பொதுத்தேர்வுப் பணி. தேர்வு முடியும் நாளுக்கு டிக்கெட் போட்டிருந்தேன். அதற்கு ஆறு நாள் இருந்தது.

"எக்கா, அம்மா போயிட்டாவ," என்றான்.

நான் அழுது முடிக்கும்வரை காத்திருந்தான். பிறகு நான்தான் சொன்னேன், "ஜெரால்டு, நான் பத்து மணி ஃபிளைட்டைப் பிடிச்சி வாரேன். மத்தியானம் சென்னை. அங்கருந்து சாயங்கால ஃபிளைட்டு கெடைக்காட்டா ராத்திரி பஸ்ஸு. விடியும்போது வீட்டுல இருப்பேன். நாளைக்குக் காலையில அடக்கத்த வச்சிக்கிடுங்க."

"சரிக்கா. நீ பதட்டப்படாம வா. ஐஸ் பெட்டிக்குச் சொல்லியாச்சு."

இந்த வார்த்தைகளை நான் மாற்றவில்லை. அவன் சரி என்று சொன்னான்.

சென்னையில் நான் இறங்கியபோது பன்னிரண்டே கால். தூத்துக்குடி விமானத்தில் இடம் இல்லை. காத்திருப்போர் வரிசையில் பெயர் கொடுத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். நாலரை மணிக்குக் கைப்பேசியில் ஒரு வீடியோ வந்தது. அனுப்பியவள் ரோசி, என் சித்தி மகள், அம்மா வீட்டுக்கு அடுத்த வீடு. கூடவே எழுதியிருந்தாள்: "எக்கா, நீ வரமாட்டேன்னு சொல்லிட்டியாமே. மூஞ்சியவாது பாத்துக்கோ."

சவப்பெட்டியை மூடுகிற வீடியோ. அம்மாவின் கையில் ஜெபமாலை சுற்றியிருந்தது. பக்கத்தில் ஜெரால்டு, வெள்ளைச் சட்டை. மூடியை அவன்தான் வைத்தான். பின்னால் யாரோ ஒரு பெண் என் பெயரைச் சொல்லிக் கேட்கிறாள், "பிலோமி வரலியா?" அவன் சொல்கிறான், "அக்கா வரலையாம். அவ்வளவு தூரத்துல இருந்து வர முடியாதுன்னு சொல்லிட்டா."

பக்கத்து நாற்காலியில் இருந்த ஒரு அம்மாள் தண்ணீர் பாட்டிலை நீட்டினார்கள். வாங்கிக் குடித்தேன். பிறகு ஜெரால்டைக் கூப்பிட்டேன். ஏழு முறை கூப்பிட்ட பிறகு எடுத்தான்.

"உனக்கு எவ்வளவு தூரம்க்கா. அலைய வேண்டாமேன்னு பாத்தேன். எனக்கும் நாளைக்கு நைட்டு சென்னையில இருந்து ஃபிளைட்டு. அத மாத்துனா அடுத்த வாரம்தான் கெடைக்குமாம். பங்குச் சாமியும் இன்னைக்கே வைக்கலாம்னுட்டாவ."

நான் ராத்திரி பஸ்ஸில் ஊருக்குப் போனேன். அவன் ராத்திரி ரயிலில் சென்னைக்குப் போனான். விழுப்புரமோ திருச்சியோ, எங்கோ ஓரிடத்தில் எதிரெதிரே கடந்திருப்போம். காலையில் நான் போய்ச் சேர்ந்தபோது வீட்டில் நாற்காலிகளைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். ஐஸ் பெட்டியின் கீழே தேங்கிய தண்ணீரை ரோசி துடைத்துக்கொண்டிருந்தாள். தெருப் பெண்கள் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு ஒருவர் மாற்றி ஒருவர் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். பெத்த தாயாச்சே, ஏன் வரமாட்டேன்னு சொன்ன?

நான் அப்படிச் சொல்லவில்லை என்று சொன்னேன். யாரும் நம்பவில்லை. ஊருக்கு நல்லது செய்கிற, கோயில் கொடிமரத்துக்குப் பணம் அனுப்புகிற மகன் சொன்னதும், தீவுக்குப் போய் இந்தி கலந்து பேசுகிற மகள் சொன்னதும் ஒன்றாகுமா?

3

விண்ணப்பத்தைச் சாப்பாட்டு மேசையில் விரித்து வைத்து அன்று சாயங்காலம் உட்கார்ந்தேன். தூரம் என்று எழுதத்தானே சொல்கிறார்கள். எவ்வளவு தூரம் என்று பார்த்துவிடுவோம்.

என் மகள் அனிதாவுக்குப் பதினேழு வயது. "மம்மி, கூகுள் பண்ணா ரெண்டு செகண்ட்ல வரும்," என்றாள். வேண்டாம் என்றேன். இன்னொருவர் சொல்லி நான் தெரிந்துகொள்கிற எண்ணாக அது இருக்கக் கூடாது.

பள்ளியிலிருந்து வரும்போதே உலக உருண்டையை வாங்கி வந்திருந்தேன். முதலில் தையல் நூலை வைத்துப் பார்த்தேன். சென்னையில் ஒரு முனை, போர்ட் பிளேயரில் ஒரு முனை. என் விரல் நகத்தைவிடக் கொஞ்சம் நீளம், அவ்வளவுதான். பிறகு சென்னையிலிருந்து மெல்போர்னுக்கு நூலை இழுத்தேன். இந்தியப் பெருங்கடலைக் குறுக்காக வெட்டிக்கொண்டு, ஆஸ்திரேலியாவின் நெஞ்சைத் தாண்டி, தென்கிழக்கு மூலைவரை போனது. நூலை அறுத்து ஒப்பிட்டபோதே தெரிந்துவிட்டது. ஆனாலும் கணக்கு வாத்தியாருக்கு நூல் போதாது.

இரண்டு விமான நிலையங்களின் அட்சரேகையும் தீர்க்கரேகையும் எடுத்துக்கொண்டேன். பூமி உருண்டை என்பதால் தட்டையான வரைபடத்தில் அடிக்கோல் வைத்து அளந்தால் தப்பாக வரும். உருண்டையின் முதுகில் போகிற வளைவைத்தான் அளக்க வேண்டும். சைன், கொசைன் பெருக்கல்தான். பத்தாம் வகுப்பில் நான் சொல்லிக்கொடுக்கிற பாடத்துக்கு ஓரிரு படி மேலே. பூமியின் ஆரத்தால் பெருக்கினால் கிலோமீட்டர் வந்துவிடும். சேவியர் பக்கத்தில் உட்கார்ந்து, கிரீஸ் போகாத விரலால் கால்குலேட்டரைத் தட்டித் தந்தார். எதற்கு என்று அவர் கேட்கவில்லை.

சென்னை, போர்ட் பிளேயர்: ஆயிரத்து முந்நூற்று எழுபத்து மூன்று கிலோமீட்டர்.

சென்னை, மெல்போர்ன்: எட்டாயிரத்து எழுநூற்று எழுபது சொச்சம்.

ஆறு மடங்குக்கும் மேலே. தூரத்தில் இருந்தவன் அவன். பக்கத்தில் இருந்தவள் நான்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். கை நிற்கவில்லை. போர்ட் பிளேயரிலிருந்து மெல்போர்னுக்கும் போட்டேன். ஏழாயிரத்து எழுநூறு சொச்சம் வந்தது. சென்னையைவிட நான் அவனுக்கு ஆயிரம் கிலோமீட்டர் பக்கம். அவன் சிங்கப்பூர் வழியாகத்தான் எப்போதும் ஊருக்கு வருவான். உருண்டையில் அந்தப் பாதையை விரலால் தடவிப் பார்த்தால், கிரேட் நிக்கோபாரின் தென்முனையை ஒட்டிப் போகிறது. பதினெட்டு வருடமாக எங்கள் தீவுகளின் ஓரமாகவே பறந்து போயிருக்கிறான். ஒரு முறைகூட இங்கே இறங்கியதில்லை. கேட்டால், உங்க ஊரு ரொம்பத் தூரம்க்கா என்பான்.

மறுநாள் மண்டல் பாபுவிடம் தாளைக் கொடுத்தேன். தாமதத்துக்குக் காரணம் என்ற கட்டத்தில் ஆங்கிலத்தில் எழுதியிருந்தேன், என் தம்பி காத்திருக்கவில்லை என்று. அவர் படித்தார். கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். பிறகு முத்திரையைக் குத்தினார்.

4

அதன் பிறகு ஒரு வருடம் நான் ஜெரால்டிடம் ஒரு கடுஞ்சொல் பேசவில்லை. வாரம் ஒரு முறை கூப்பிட்டான். பேசினேன். பிள்ளைகளின் படிப்பைக் கேட்டேன், அங்கே குளிர் எப்படி என்று கேட்டேன். அவன் நான் ஆறிவிட்டேன் என்று நினைத்தான். நான் எதுவும் திட்டம் போடவில்லை. ஆனால் அந்தக் கணக்குத் தாளை எறியவும் இல்லை. ஒவ்வொரு முறை அவன் குரலைக் கேட்கும்போதும் அந்த எண்களை மனதுக்குள் ஒரு தடவை சொல்லிக்கொள்வேன். எனக்கு அது ஒரு ஜெபம்போல ஆகிவிட்டது என்று சொன்னால் பாவம்தான். ஆனால் உண்மை அதுதான்.

இங்கே அபர்டீன் பஜாரில் மீன் வாங்கும்போதும் அந்த எண்கள்தான். ஊர்க்காரர் ஒருவர் அங்கே கருவாடு விற்கிறார். என்னைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டு நிறுத்துப் போடுவார். அம்மா சாவுக்குப் போகாதவள் என்ற பேச்சு எனக்கு முன்னால் கடலைத் தாண்டி வந்து சேர்ந்திருந்தது. பேச்சுக்குத் தூரம் கிடையாது.

வருட நினைவு நெருங்கியபோது ஜெரால்டு சொன்னான், "எக்கா, கல்லறைக்கு நல்ல கறுப்புக் கல்லு சொல்லியிருக்கேன். நான் வந்து கல்ல மூடியிருக்க துணிய எடுக்கேன், சாமி தீர்த்தம் தெளிச்சி மந்திரிக்கட்டும். காலையில ஏழு மணி பூச. நான் மொத நாளு சாயங்காலமே வந்துருவேன்."

"வா," என்றேன்.

5

இந்த முறை நான் நான்கு நாள் முன்னதாகவே போனேன். அனிதாவையும் கூட்டிப்போனேன். அவளுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. வீட்டிலேயே நானும் அவள் அப்பாவும் பேசுவதை அவள் தமிழில் கேட்டு இந்தியில் பதில் சொல்வாள். பூசைக்கு முதல் நாள் கல்லறைத் தோட்டத்தைச் சுத்தம் செய்யப் போனபோது, துணியை லேசாகத் தூக்கிக் கல்லைப் பார்த்துவிட்டு, "மம்மி, இதுல பாட்டி பேர் எது?" என்று கேட்டாள். விரல் வைத்துக் காட்டினேன். அந்த எழுத்துகளை அவள் ஒரு படத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

அன்று சாயங்காலம் ஜெரால்டு வரவில்லை. சிங்கப்பூரில் விமானம் கோளாறாகி நிற்கிறதாம். மறுநாள் காலை ஆறு மணிக்கு ரோசிக்குக் கூப்பிட்டான். ரோசி ஒலிபெருக்கியில் போட்டாள்.

"இப்பதான் சென்னையில எறங்கியிருக்கேன். மத்தியானம் ரெண்டு மணிக்குள்ள வந்துருவேன். பூசைய சாயங்காலம் வச்சிக்கிடச் சொல்லு. அம்மாவுக்காவ இவ்வளவு தூரம் வந்துருக்கேன் ரோசி. நான் இல்லாம கல்லத் தொறந்துராதீங்க."

"அக்காகிட்ட சொல்லுதேன்," என்றாள் ரோசி. நான் பக்கத்தில்தான் நின்றேன்.

கோயிலுக்குப் போனோம். பங்குச் சாமியார் சின்ன வயதுக்காரர், புதிதாக மாற்றலாகி வந்தவர். பூசை உடுப்பு மாற்றுகிற சக்ரீஸ்து அறை வாசலில் நின்று என்னிடம் கேட்டார், "அம்மா, தம்பி வர்ற வரைக்கும் காத்திருக்கலாமா? அஞ்சு மணிக்கு எனக்கு வேற வேலையில்ல. எனக்கு ஒண்ணும் சிரமம் இல்ல."

ரோசி என் முகத்தைப் பார்த்தாள். அனிதா பார்த்தாள். மூத்தவள் நான். நான் சொல்வதுதான் நடக்கும்.

"தம்பி வரலை சாமி," என்றேன். "அவ்வளவு தூரத்துல இருந்து வர முடியாதுன்னு சொல்லிட்டான்."

முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு உள்ளே போனேன்.

பூசை முடிந்து கல்லறைக்குப் போனோம். துணியை நான் எடுத்தேன். சாமியார் தீர்த்தம் தெளித்துவிட்டு, கூடியிருந்தவர்களைப் பார்த்துச் சொன்னார், மகன் ஜெரால்டு தூரம் காரணமாக வர இயலவில்லை, அவருக்காகவும் ஜெபிப்போம் என்று. எல்லோரும் ஜெபித்தார்கள். போன வருடம் என் கையைப் பிடித்துக் கேள்வி கேட்ட பெண்கள் அத்தனை பேரும் அங்கே இருந்தார்கள். பெத்த தாயாச்சே என்று ஒருத்தி பெருமூச்சு விட்டது எனக்குக் கேட்டது. உங்களிடம் பொய் சொல்ல விரும்பவில்லை. அந்தப் பெருமூச்சு எனக்கு இனித்தது.

6

மூன்று மணிக்குக் காரில் வந்து இறங்கினான். ரோசி வீட்டு முற்றத்தில் பந்திப் பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்திருந்தோம். அதைப் பார்த்ததும் அவனுக்குப் புரிந்துவிட்டது. பெட்டியைக் கீழே வைக்காமலே கேட்டான்.

"முடிச்சிட்டீங்களா?"

"முடிச்சாச்சு," என்றேன்.

"நான் ஃபோன் பண்ணேனே. சாமி மாட்டேன்னுட்டாவளா?"

"சாமி காத்திருக்கேன்னுதான் சொன்னாவ. நான்தான் வேண்டாம்னேன். உனக்கு எவ்வளவு தூரம். அலைய வேண்டாமேன்னு பாத்தேன்."

அவன் முகத்தில் நான் ஒரு வருடமாக எதிர்பார்த்திருந்தது வரவில்லை. குழப்பம்தான் வந்தது. "என்னக்கா பேசுத?"

"நீ சொன்னதத்தான் சொல்லுதேன். எனக்குச் சொன்ன வார்த்த. ஊருக்கு முன்னால நான் வரமாட்டேன்னு சொன்னதாவும் சொன்ன."

"நானா?" என்றான். "அப்படியா சொன்னேன்?"

அவன் நடிக்கவில்லை. எனக்குத் தெரியும், சின்ன வயதிலிருந்து அவன் நடிக்கும்போது காது சிவக்கும். அவனுக்கு உண்மையாகவே ஞாபகம் இல்லை. நான் முந்நூற்றுச் சொச்சம் நாள் சுமந்த வாக்கியத்தை அவன் சொல்லி முடித்த நிமிடத்திலேயே கீழே போட்டுவிட்டுப் போயிருக்கிறான்.

ரோசியின் கைப்பேசியை வாங்கி அந்த வீடியோவைப் போட்டுக் காட்டினேன். கேட்டான். இரண்டாம் முறை போடச் சொல்லவில்லை. பிறகு நான் எண்களைச் சொன்னேன். தாள் தேவைப்படவில்லை. "சென்னையில இருந்து எனக்கு ஆயிரத்து முந்நூத்தி எழுபத்தி மூணு. உனக்கு எட்டாயிரத்து எழுநூத்தி எழுபது. ஆறு மடங்கு தள்ளியிருக்கவனுக்கு ஒரு பகல் முழுக்க ஊரே காத்துக் கெடக்கணும். எனக்கு ஒரு ராத்திரி காத்திருக்க உன்னால முடியல."

அவன் முற்றத்துத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டான். அழுதான். பிறகு தலையை நிமிர்த்தாமல் சொன்னான், "மூணு வாரம் நான்தாம்க்கா பீத்துணி மாத்துனேன். அப்ப நீ எங்க இருந்த?"

அவன் கேட்டது நியாயம்தான். ஆனால் அதனால் என் கோபம் குறைந்துவிடவில்லை. இரண்டும் அதனதன் இடத்தில் இருந்தன.

ரோசி தேநீர் கொண்டுவந்தாள். அவன் குடிக்கவில்லை. தனியாகக் கல்லறைக்குப் போனான். இருட்டுவதற்குள் திரும்பினான். மறுநாள் காலை கிளம்பும்போது, "வாரேன்க்கா," என்றான். நான் "சரி" என்றேன்.

சென்னையிலிருந்து திரும்புகிற விமானத்தில் அனிதா ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தாள். பாதிக் கடல் தாண்டிய பிறகு, "மம்மி, ஆப்னே ஃபாதர் ஸே ஜூட் போலா," என்றாள். நீ சாமியாரிடம் பொய் சொன்னாய்.

"ஆமா," என்றேன்.

"மாமா அழுதாங்க."

"பாத்தேன்."

அவள் காதில் பாட்டுக் கருவியை மாட்டிக்கொண்டாள். நான் தூங்கிவிட்டேன். ஒரு வருடத்தில் அவ்வளவு நிம்மதியாக நான் தூங்கியதில்லை.

7

தவக்காலத்தில் இங்கே எங்கள் கோயிலில் பாவமன்னிப்புக் கேட்கப் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். ஃபாதர் ராஞ்சிப் பக்கத்துக்காரர். தமிழ் தெரியாது. எல்லாவற்றையும் இந்தியில்தான் சொல்ல வேண்டும். அம்மா இருந்த காலத்தில், இந்தியில சொன்ன பாவம் எப்பிடிட்டி தீரும் என்று என்னைக் கேலி செய்வாள்.

பழிவாங்கினேன் என்றேன். "பத்லா லியா, ஃபாதர்." யாரை என்று கேட்டார். தம்பியை என்றேன். எப்படி என்று கேட்டார். எனக்கு வந்த இந்தியில் விமானத்தையும் கல்லறையையும் பொய்யையும் சொல்லி முடித்தேன். தூரத்தையும் சொன்னேன்.

அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "பச்தாவா ஹை?" என்றார்.

எனக்கு அந்தச் சொல் தெரியவில்லை. இருபத்தாறு வருடத்தில் மீன் விலை, ஆட்டோ வாடகை, மாணவர்களைத் திட்டுவது, அலுவலகத்தில் கெஞ்சுவது எல்லாவற்றுக்கும் இந்தி கற்றிருக்கிறேன். இந்தச் சொல் வந்ததில்லை. அப்படியென்றால் என்ன என்று கேட்டேன்.

பொறுமையாக விளக்கினார். செய்ததை நினைத்து மனதுக்குள் வலி இருக்கிறதா? மறுபடி அந்த நாள் வந்தால் அப்படிச் செய்யாமல் இருப்பாயா?

நான் உண்மையாகவே யோசித்துப் பார்த்தேன். ஜெரால்டு தரையில் உட்கார்ந்ததை நினைத்தேன். அம்மாவின் துணியை அவன் மாற்றியதை நினைத்தேன். சென்னை விமான நிலையத்து நாற்காலியையும் நினைத்தேன்.

"நஹி, ஃபாதர்," என்றேன்.

பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் நாற்காலி கிறீச்சிட்டது. பிறகு, அப்படியானால் மன்னிப்பை நான் எப்படித் தருவேன் சகோதரி என்றார். கோபமாக அல்ல. அந்த வலி வரும்போது வா, அதுவரை நற்கருணை வாங்க வேண்டாம் என்றார்.

முழங்காலைத் தட்டிக்கொண்டு எழுந்து வந்தேன்.

போன ஞாயிறு பூசையில் நற்கருணை அப்பம் வாங்க மணியடித்ததும் சேவியர் எழுந்து போனார். அனிதாவும் போனாள். எனக்கு அடுத்து உட்கார்ந்திருந்த தெலுங்குக்கார அம்மாள், நான் முதலில் போவேன் என்று காத்து நின்றார்கள். "சலியே, டீச்சர்ஜி," போகலாம் டீச்சர் என்றார்கள்.

"ஆப் ஜாயியே," நீங்கள் போங்கள் என்று சொல்லி, பெஞ்சில் உட்கார்ந்தபடியே முழங்கால்களை ஒரு பக்கம் திருப்பி அவர்களுக்கு வழி விட்டேன்.